சீர்த்தட்டில் போன சிப்பிகள்

786

புதுநகரம்,
8-6-58

அன்பு மகன் உமருக்கு, உன் அம்மா கௌலத் துஆவும் ஸலாமும் சொல்லி எழுதச் சொல்வது. இங்கே நானும் உன் அத்தாவும் உன் தங்கையும் அல்லாஹ்வின் கிருபையால் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். வடக்குப் போர்னியோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல், நல்லபடியாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் இந்த வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறையும். வாய் என்னுடையது, கை ஜொஹராவுடையது. (அண்ணே, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. எழுதி முடித்ததும் அம்மா படித்துக் காட்டச் சொல்வாள். அப்போது அடைப்பு வரும் இடமெல்லாம் வரப்புத் தாண்டுகிற மாதிரி தாண்டிவிடுவேன்.)

இங்கே மழை பிடித்துவிட்டது. கடைக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீர், அத்தா பலகை போட்டு உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார். அவருக்கு இருமல் விட்ட பாடில்லை, பீடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார், ஆனால் குடையைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி கிணற்றடிக்குப் போகிறார், கிணறு என்ன ஓடியா போய்விடும். கருப்பாடு மூன்று குட்டி போட்டது, ஒன்று நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு உன்னைப் போலவே பிடிவாதம், தாயை விட்டு எட்டவே போய் நிற்கிறது. ஜொஹரா பத்தாவது ஏறிவிட்டாள், கணக்கில் மட்டும் வாத்தியார் இரக்கப்பட்டார். (கணக்கில் நான் தோற்கவில்லை. கணக்குதான் என்னிடம் தோற்று ஓடிப்போய்விட்டது.) ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, இந்த வருஷமும் நீ இல்லாமல்தான். சரி, இதெல்லாம் நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். சொல்ல வேண்டியது உன் பெட்டியைப் பற்றி. அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குக் கோபம் வராது, வந்தாலும் பாதிதான் வரும்.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. அங்கிருந்து ஊருக்கு வந்த முகம்மது குட்டி வசம் கொடுத்தனுப்பிய பெட்டியில் இருப்பது, நீ கடலில் இறங்கிச் சிப்பி எடுத்துக் கொடுக்கும் உங்கள் புரொபஸரின் சிப்பிகள், அவற்றைப் பாலக்காட்டுக் காலேஜில் வேலை பார்க்கும் சரஸ்வதியம்மாள் டீச்சரிடம் ஒன்று குறையாமல் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். மகனே, பெட்டிக்கு முன்னால் வர வேண்டிய கடிதம் பெட்டி வந்து, போய், எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து நிற்கிறது. மாசி மாதம் நான் உனக்கு என்ன எழுதச் சொன்னேன் என்று ஞாபகப்படுத்திப் பார். முதலமடையில் இருக்கும் என் அண்ணன் மகள் மெஹருன்னிசாவை உனக்குக் கேட்கலாம் என்று இருக்கிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தேன். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் எவனாவது எனக்குக் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று பெற்றவளுக்கு வாய்விட்டு எழுதியிருக்கிறானா. அதனால்தான், கூச்சப்பட்டு எழுத வேண்டாம், நம் பக்கத்து வழக்கப்படி ஊருக்கு வருகிற ஆள் வசம் ஒரு பெட்டி அனுப்பு, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறோம் என்று எழுதச் சொன்னேன். உன் அத்தாவும் ரங்கூனிலிருந்து அப்படித்தான் எனக்குப் பெட்டி அனுப்பினார். அந்தக் கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை. மழை உண்டா, ஆடு உண்டா என்று எல்லாம் கேட்டாய், மெஹருன்னிசா என்ற பேரை மட்டும் தொடவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தோம். நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் முகம்மது குட்டி வாசலில் வந்து நின்று, "கௌலத்தக்கா, உம்மவன் கண்ணாட்டம் பாத்துக்கச் சொல்லி ஒரு பொட்டி குடுத்தானுங்க, ஒரு கல்லுகூடக் கீழ உழுகக் கூடாதுன்னானுங்க" என்று இறக்கி வைத்தால் பெற்றவள் என்ன நினைப்பாள், நீயே சொல்.

திறந்து பார்த்தால் பஞ்சு. பஞ்சுக்குள் பொட்டலம் பொட்டலமாக, ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு சிப்பி, அதோடு அதே சாயலில் மங்கலாக ஒரு கல். விசிறி மடிப்பாக ஒரு சிப்பி, அதே மடிப்போடு ஒரு கல். திருகு திருகாகப் போகும் சங்கு ஒன்று, அதே திருகோடு ஒரு கல். நைலான் புடவை இல்லை, அத்தர் புட்டி இல்லை, டார்ச் லைட்கூட இல்லை. அத்தா ஒரு கல்லை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார், பிறகு மூக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு பஞ்சுக்குள்ளேயே வைத்துவிட்டார். ஜொஹராதான், "கல்லு வந்துருச்சு, இனி யாணம் வந்தா கல்யாணமுங்க" என்றாள். (நான் சொன்னதிலேயே நல்லது அதுதான், ஆனால் முதுகில் ஒன்று விழுந்தது.) நான் என் மனசைத் தேற்றிக்கொண்டேன். பிள்ளை கடலில் கிடக்கிறான், கடைத்தெருவிலா இருக்கிறான், கையில் கிடைத்ததை ஜோடி ஜோடியாகத் தேடிப் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறானே, எந்த மாப்பிள்ளை இத்தனை பொறுமையாக ஒரு பெட்டி கட்டுவான் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நைலானை விட உசத்தியாகத் தெரிந்தது.

பிறகு என்ன, தெருவில் நாலு வீட்டில் தட்டு வாங்கி, பச்சைப் பட்டு விரித்து, பொட்டலங்களைப் பிரித்து சிப்பிகளை அடுக்கினேன். பேரீச்சம்பழம், கம்பம்மெட்டிலிருந்து வந்த ஏலக்காய், பூ எல்லாம் வைத்தோம். கற்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை, நீ அனுப்பியதாயிற்றே. கற்கண்டுத் தட்டில் கலந்து வைத்தேன், நிறம் பொருந்திப் போனது. ரயிலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் ஏழு பெண்கள் முதலமடைக்குப் போனோம். கொல்லங்கோட்டில் ஏறின டிக்கெட் பரிசோதகர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சிப்பிக்கும் டிக்கெட் வேணுமா வேண்டாமா என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார். அங்கே மாமா வீட்டில் கூட்டம். தட்டைத் திறந்ததும் ஒரு பெண்பிள்ளை, "மலேயா மாப்ளைக நைலானா அனுப்புவாங்க, இவரு என்னங்க கல்லால அடிச்சிருக்கறாரு" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், எனக்குத் தலையில் முக்காடு போதவில்லை. அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மெஹருன்னிசாவின் குரல், "நைலான் ரெண்டு வருசத்துல கிழிஞ்சுருமுங்க, இது கெடக்கும்" என்று வந்தது. அப்போதே நான் அவளை மருமகளாகத் தூக்கி மடியில் வைத்துவிட்டேன். உன் மாமா மட்டும் சந்தோஷத்தில் கற்கண்டு என்று ஒரு கல்லைக் கடித்து, கடைவாய்ப் பல் ஒன்று இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவரும் நல்ல நாளில் எதற்கு என்று வலியை விழுங்கிவிட்டு, இனிப்பு நல்லா இருக்குது என்றார்.

நிச்சயமாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அப்புறம்தான் ஒரு நாள் சரஸ்வதியம்மாள் டீச்சர் குடையோடு கடை வாசலில் வந்து நின்றார். கல்பாத்திக்காரர், கண்ணாடி போட்டுக்கொண்டு மெலிந்த ஆள், ஆனால் குரல் கணீரென்று. உமரின் பெட்டி வந்திருக்குமே, அதை வாங்கிப் போக வந்தேன் என்றார். உங்கள் புரொபஸர் அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறார். சீராகக் கொடுத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது. அடுத்த வாரம் வாருங்கள், பெட்டியில் வந்தது எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொன்னேன், அது பொய்யும் இல்லை. அவர் போனார். நான் என்ன செய்வதென்று அழுதுகொண்டிருந்தபோது உன் தங்கை என் கவலையைத் தீர்க்கிறேன் என்று ஒரு வேலை செய்தாள். (இதை எழுத மாட்டேன் என்றேன். எழுது என்று அகப்பையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.) காயத்ரிப்புழையில் போய் ஆற்றுச் சிப்பியும் நத்தை ஓடும் பொறுக்கி, ரயில் பாதையோரம் கல் பொறுக்கி, உன் பெட்டியிலேயே உன் பஞ்சிலேயே ஜோடி ஜோடியாகக் கட்டி வைத்துவிட்டாள். டீச்சர் மறுபடி வந்ததும் எனக்குச் சொல்லாமலேயே பெட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சிப்பியைத் தூக்கிப் பிடித்து, "ஏண்டி குட்டி, உங்கண்ணா போர்னியோவுக்குப் போனானா, இல்லை காயத்ரிப்புழையில குளிக்கப் போனானா" என்றார். ஜொஹரா உடனே, "கடலுக்குள்ளயும் ஆறு போய்த்தானுங்களே சேருது" என்றாள். டீச்சர் ஒரு கல்லை முகர்ந்து பார்த்து, "சேரட்டும். இந்தக் கல்லுல எஞ்சின் எண்ணெய் வாசனை அடிக்கறதே, கடலுக்குள்ள ரயிலும் விட்டாச்சோ" என்றார். கடையில் இருந்த அத்தாவுக்குச் சிரிப்புத் தாங்காமல் இருமல் வந்து, இருமலில் பீடியும் சட்டைப்பையிலிருந்து விழுந்து, ஒரே நேரத்தில் இரண்டு பேர் குட்டு வெளிப்பட்டது. வேறு வழியில்லாமல் நான் டீச்சரை உள்ளே உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். சீராகப் போய்விட்டது என்றதும் அந்த அம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கௌலத்தம்மா, நான் படிச்ச படிப்புல சிப்பி எங்கெல்லாமோ போயிருக்கு, மாட்டுப்பொண் ஆத்துக்குப் போனது இதான் முதல் தடவை" என்றார்.

அதற்கப்புறம்தான் அது என்ன பெட்டி என்று எங்களுக்குப் புரிந்தது. நீயும் கடிதத்தில் எழுதியிருக்கிறாய், ஆனால் நீ எழுதினது பாதிதான் விளங்கியது, டீச்சர் சொன்னது முழுக்க விளங்கியது. (அண்ணே, உன் கடிதத்தில் "கடல்வாழ் உயிரினங்களின் பரவல்" என்று வந்த இடத்தில் அம்மா கொட்டாவி விட்டாள். இதையும் தாண்டிவிடுவேன்.) நீ இருக்கிற கடலில் இருப்பது போல இத்தனை ஜாதி சிப்பியும் பவளமும் மீனும் உலகத்தில் வேறெந்தக் கடலிலும் இல்லையாம். ஏன் அங்கே மட்டும் என்பதுதான் உங்கள் புரொபஸரின் கேள்வியாம். டீச்சர் சொன்னார், "இந்தக் கல்லெல்லாம் வெறும் கல்லில்லை, கேட்டேளா. இதுவும் சிப்பிதான், கல்லாப் போன சிப்பி. பிரான்ஸ், எகிப்து, சிந்து, அங்கெல்லாம் மலையை வெட்டி எடுத்தது. அந்த மலையெல்லாம் ஒரு காலத்துல கடலடி. அங்கேருந்து இந்தப் பக்கம் வரைக்கும் நீளமா ஒரே கடல். இன்னிக்கு உங்க பிள்ளை காலடியில நெறஞ்சு கிடக்கற ஜாதியோட மூத்த குடும்பமெல்லாம் அன்னிக்கு அந்த மேற்குக் கோடியிலதான் நெறஞ்சு கிடந்தது. அப்பறம் நிலம் எழும்பித்து, அரபு நாடு வந்து அந்தண்டைக் கரையோட ஒட்டிண்டுது, கடல் அடைஞ்சு போச்சு. அங்கே இருந்ததெல்லாம் போயே போச்சு. அதே சமயம் கிழக்கே தீவு தீவா எழும்பி, நடுநடுவுல ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் உண்டாச்சு. வம்சம் அங்கே போய்ப் பெருகிடுத்து. அதைக் காட்டத்தான் பழைய கல் ஒண்ணு, இன்னிக்கு உயிரோட இருக்கற சிப்பி ஒண்ணுன்னு உங்க பிள்ளை ஜோடி கட்டியிருக்கான்."

அத்தா கல்லாவை விட்டுவிட்டுக் கதவண்டை வந்து நின்றுகொண்டார். கடையில் ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. "ஏனுங்க டீச்சரம்மா, அப்ப அது நம்ம சந்தையாட்டமுங்களா" என்று கேட்டார். "சந்தைல எதுவும் வெளையறதில்லீங்க. மாங்கா முதலமடைலருந்து வருது, கருவாடு பொன்னானிலருந்து வருது, மொளகா கிழக்கருந்து வருது. ரோடு சேர்ற எடத்துல எல்லாம் சேருது. அந்தக் கடல்லயும் அது அது எங்கயோ பொறந்து வந்து சேந்ததுதானுங்களே." டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ராவுத்தரே, இதுக்குத்தான் அங்கே பெரியவாளெல்லாம் குடுமியைப் பிடிச்சுண்டு சண்டை போடறா. எல்லாம் அங்கேயே பொறந்து நாலு பக்கமும் பரவித்துன்னு ஒரு கட்சி, எங்கேயோ பொறந்து நீரோட்டத்துல வந்து தங்கித்துன்னு ஒரு கட்சி. எனக்கு ரெண்டும் உண்டுன்னு படறது. நீங்களும்தான், மதுரைப் பக்கத்துலேந்து சந்தைக்கு வந்தவாதானே உங்க முன்னோர். வந்த இடத்துல குடும்பமாகி, பிள்ளை குட்டி பொறந்து, இப்போ இதுதானே உங்க ஊர்" என்றார். அத்தா, "அது செரிங்க" என்று தலையை ஆட்டினார். பிறகு, "எத்தன வருசமாயிருக்குமுங்க" என்றார். கோடிக் கணக்கில் என்று டீச்சர் சொன்னதும், "படச்சவனுக்கு அவசரமில்லீங்க, அவசரமெல்லாம் நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அதற்குள் மிளகாய் வாங்க வந்தவன் எதிர்க்கடையில் வாங்கிப் போய்விட்டான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அடைஞ்சு போன கடலை விட்டுக் கிழக்கே போனதில் ஏதாவது ஒன்று திரும்பி வந்ததா என்று கேட்டேன். டீச்சர், "வழியே மூடிப் போச்சே, எப்படித் திரும்பும்" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னாலேயே அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார், நீ எனக்கு எழுதாமல் விட்டதை. ஆவணி மாதம் உங்கள் புரொபஸரின் கப்பல் கொச்சிக்கு வருமாம், அதற்குள் டீச்சர் அந்த ஜோடிகளையெல்லாம் படம் வரைந்து கொடுக்க வேண்டுமாம். அந்த வேலை சரியாக முடிந்தால் அவர் உன்னை இன்னும் கிழக்கே, பேர் தெரியாத தீவுகளுக்கெல்லாம், மூன்று வருஷத்துக்குக் கூட்டிப்போவாராம். பெட்டி தொலைந்தால் உன்னை நம்ப மாட்டாராம், வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். டீச்சர் உன் நல்லதுக்குத்தான் இதைச் சொன்னார். நான் பெற்றவளின் காதோடு கேட்டேன்.

உன்னிடம் மறைக்க வேண்டாம் மகனே. ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவே இல்லை. சிப்பியெல்லாம் முதலமடையில் பட்டுத் துணிக்குள் இருக்கிறது. நான் கேட்காமல் இருந்தால் போதும், நிச்சயமும் நிலைக்கும், நீயும் வீட்டுக்கு வந்து சேருவாய், மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம். என் பக்கம் எல்லாம் தானாக வந்து நிற்கிறது, கை நீட்டக்கூட வேண்டாம். அத்தாதான் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "கௌலத்து, மவன ஏச்சு வூட்டுக்குக் கொண்டாந்து வெச்சயின்னா, அவன் இங்க உக்காந்துட்டு அந்தக் கடலையே பாத்துட்டிருப்பான். பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளைய எப்பப் பாப்பான்" என்றார். அவர் அதிகம் பேசமாட்டார் என்று உனக்குத் தெரியும். அடுத்த நாளே ஜொஹராவைக் கூட்டிக்கொண்டு முதலமடைக்கு ரயிலேறினேன்.

போனேனே தவிர வாய் வரவில்லை. சீரைத் திருப்பிக் கேட்டால் நிச்சயம் முறிந்தது என்றுதான் அர்த்தம், அது உனக்கும் தெரியும். ஒரு பேச்சுக்கு என்று, ஏதோ காரணத்தால் ஒரு வீட்டில் சீர்த்தட்டு திரும்பினால் என்று ஆரம்பித்தேன். உன் மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல்தான், "தட்டு திரும்பிப் போச்சுன்னா முதலமடைலருந்து மீங்கரை வரைக்கும் ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியப் பாத்து சிரிப்பானாத்தா. பொண்ணு வூட்டுக்குள்ளயே கெடந்து வெந்து போவாள்" என்றார். அத்தோடு நான் வந்த காரியத்தை டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டேன். ஜொஹரா எங்கே என்று பார்த்தால் தோப்பில் மாம்பழக் கூடை கட்டும் கொட்டகையில் மெஹருன்னிசாவோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று இவளே எழுதட்டும், நான் எழுதச் சொன்னால் என் பக்கம் சாய்த்துவிடுவேன்.

(அண்ணே, இது அம்மா கொடுத்த அடைப்பு, அதனால் ஒழுங்காக எழுதுகிறேன். மெஹருன்னிசா மச்சி வைக்கோல் பரப்பி மாம்பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தது. காம்பு மேலே வராமல், ஒன்றோடொன்று உரசாமல், அப்படி ஒரு அடுக்கு. நான் பேச்சுக்குப் பேச்சு சிரிக்க வைக்கலாம் என்றுதான் போனேன். காயத்ரிப்புழைச் சிப்பிக் கதையைச் சொன்னேன், மச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்கும்போதே முழுக்கதையும் என் வாயிலிருந்து வந்துவிட்டது, டீச்சர், புரொபஸர், மூன்று வருஷம், எல்லாம். மச்சி கையிலிருந்த பழத்தைக் கீழே வைக்கவில்லை. "அப்ப அந்தப் பொட்டி எனக்குன்னு வந்ததில்லியா சொஹரா" என்று மட்டும் கேட்டது. "ஒரு மாசமா அத ஒண்ணொண்ணா தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கறேன் பாரு, கிறுக்கியாட்டம்" என்று சிரித்தது, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அந்தப் பழத்தைக் கூடையில் வைத்து வைக்கோல் மூடிவிட்டுச் சொன்னது. "கல்லுக்காக ஆரும் என்னக் கட்ட வேண்டாம். என்னக் கட்டோணுமுன்னு ஆரும் அந்தக் கல்ல உடவும் வேண்டாம். உங்கம்மாகிட்ட ஒண்ணுஞ் சொல்லாத, ஊருக்குப் போங்க." இவ்வளவுதான். நான் ரயிலில் வரும்போது ஒரு விளையாட்டும் செய்யவில்லை, அம்மா எனக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தாள்.)

நாங்கள் திரும்பி வந்த மூன்றாம் நாள் மாமாவின் வண்டிக்காரன் காளிச்சாமி ரயிலில் இரண்டு கூடை மாம்பழம் கொண்டுவந்து இறக்கினான். தெருவே பார்த்தது, சம்பந்தி வீட்டுப் பழம் வந்திருக்கிறது என்று எல்லோரும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப் போனார்கள். காளிச்சாமி போகும்போது, "கூடைய நீங்களே கையால காலி பண்ணோணுமுன்னு சின்னம்மா சொல்லச் சொன்னாங்க" என்றான். மேலே பழம், நடுவில் வைக்கோல், அடியில் உன் சிப்பிகள். (மேலே கிளிமூக்கு, கீழே கிளிஞ்சல்.) நான் பிரித்துக் கலந்ததையெல்லாம், நீ ஒவ்வொன்றின் மேலும் மையால் பொடியாக எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, அந்தந்தச் சிப்பியோடு அந்தந்தக் கல்லைச் சேர்த்து, வெள்ளைத் துணியில் முடிந்து, ஜோடி ஜோடியாக வைத்திருந்தாள். மாமா கடித்த கல்லும் அதன் சிப்பியோடு இருந்தது. உன் மாமாவுக்கு இன்றுவரை தெரியாது, தட்டுகள் பட்டு மூடியபடி அங்கே பீரோவில் இருக்கிறதாம், உள்ளே பேரீச்சம்பழம்தான். ஊரைப் பொறுத்தவரை நிச்சயம் அப்படியே இருக்கிறது. உன்னைப் பொறுத்தவரை எதுவும் இல்லை. ஒரு பெண்பிள்ளை யாருக்கும் தலைகுனிவு வராமல், தன் கையாலேயே தன் நிச்சயத்தை அவிழ்த்து மாம்பழத்துக்கு அடியில் வைத்து அனுப்பியிருக்கிறாள். நான் ஒரு காரியம் செய்தேன், சொன்னால் சிரிப்பாய். கூடையின் அடிவரை கையை விட்டுத் துழாவினேன், பிறகு டீச்சரை வரச் சொல்லி எண்ணைச் சரிபார்க்கச் சொன்னேன். ஒரு ஜோடியாவது தனக்கென்று வைத்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு நப்பாசை. வைத்திருந்தால், காத்திருக்கிறாள் என்று நான் தைரியமாக உனக்கு எழுதச் சொல்லியிருப்பேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

டீச்சர் பெட்டியோடு வண்டியேறிப் போய்விட்டார். இரண்டு நாளாக வரைகிறாராம், கப்பல் வருவதற்குள் முடியும் என்று ஆள் வசம் சொல்லி அனுப்பினார். ஆகவே உன் பயணத்துக்கு இந்த வீட்டால் ஒரு தடையும் இல்லை. இரு என்றோ வா என்றோ நான் சொல்லப் போவதில்லை. கிழக்கே போனவை திரும்பவில்லை என்று டீச்சர் சொன்னதை நினைத்துக்கொள்கிறேன்தான், ஆனால் நீ சிப்பி இல்லை, உனக்குக் கப்பல் இருக்கிறது, ரயில் இருக்கிறது, வழி மூடவில்லை. மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம், அத்தாவின் இருமல் அதற்குள் நின்றுவிடும் என்று நம்புகிறேன், பீடி நின்றால். தண்ணீருக்குள் இறங்கும்போது பிஸ்மி சொல்லி இறங்கு, வயிறு காலியாக இறங்காதே, காதில் நல்லெண்ணெய் விட்டுக்கொள். புரொபஸரிடம் மரியாதையாக இரு, ஆனால் அவர் சாப்பிடுவதையெல்லாம் சாப்பிடாதே. உன் ஆயுளும் சுகமும் நீளட்டும், போகிற கடலெல்லாம் உனக்கு ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருக்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். மெஹருன்னிசாவைப் பற்றிக் கேட்டதற்கு இந்தத் தடவை பதில் வேண்டும், பெட்டி வேண்டாம், வாயால் வேண்டும். சம்மதம் என்றால் உன் மாமாவுக்கு எழுது, மூன்று வருஷம் என்பதையும் சேர்த்து எழுது, காத்திருப்பதா வேண்டாமா என்று அவர்கள் அவளைக் கேட்டுச் சொல்லட்டும். சம்மதமில்லை என்றால் எனக்கு எழுதாதே, அத்தாவுக்கும் எழுதாதே, அவளுக்கே எழுது. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆண்பிள்ளை கடிதம் போடுவது நம் வீட்டில் வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். ஜொஹரா பேருக்கு உறை போட்டு உள்ளே இன்னொரு உறையாக வை. (ஆவி காட்டி உறை பிரிக்கத் தெரிந்தவள்தான் நான். இதைப் பிரிக்க மாட்டேன் அண்ணே, உன் மேல் சத்தியம்.) ஊர் என்னைக் கேட்டால் நான் சமாளித்துக்கொள்வேன், உன் மாமாவின் காலிலும் விழுவேன். ஆனால் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவளுக்கு இல்லை என்ற சொல்லை நான் என் வாயால் சொல்ல மாட்டேன், அது உன் கையெழுத்தில்தான் போக வேண்டும். அடுத்த தபாலுக்குள் எழுது மகனே, அவள் தினமும் கூடை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

உன் பதிலுக்கு வாசலில் காது வைத்திருக்கும்
அம்மா கௌலத்
(கைநாட்டு)